விடிவெள்ளியில் இல்லாத காட்சி

அந்த அறையில் திருடலாம். சொல்லாமல் திருடினால்தான் தப்பு.

நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து புதிய விண்வெளித் தொடர் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த ஆறேழு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஒரு காட்சியைப் படித்துக் காட்டினாலும், முடித்த கையோடு, எந்தப் பழைய தொடரிலிருந்து எதை எடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். உஸ்ஸென்று திறக்கும் கதவு ஒரு தொடரிலிருந்து வந்திருக்கும், கோபித்துக்கொள்ளும் இயந்திரம் இன்னொன்றிலிருந்து வந்திருக்கும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விண்வெளிக் கதைகள் எல்லாமே ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்தான், யார் வீட்டுச் சொத்து யாரிடம் இருக்கிறது என்று கிளற ஆரம்பித்தால் பஞ்சாயத்து ஓயாது என்பது தலைமை எழுத்தாளரின் கட்சி. அவரை எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். அவர் அதை மறுத்ததில்லை. உள்ளூர ரசித்தார் என்றுதான் நான் சொல்லுவேன்.

மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்திருந்தவள் சின்னவள். வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. வந்த நாள் முதல் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் அவள் வேலை. கூட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணி. இப்போதுதான் முதல்முறையாக ஒரு முழு அத்தியாயத்தை அவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். அது தேறினால் அவளும் எழுத்தாளர். தேறாவிட்டால் பழையபடி ஒற்றுப்பிழை.

அவள் படித்தாள். விண்கப்பலுக்குப் பூமியிலிருந்து சேதி வருவது நின்றுபோகிறது. அது ரேடியோக்காரன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. தினமும் காலையில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, தானே இட்டுக்கட்டிய சேதிகளைப் பூமியிலிருந்து வந்ததாகப் படிக்கிறான். உன் தங்கைக்குப் பெண் குழந்தை, உன் தெருவுக்குப் புதுப் பாலம். ஒருநாள் எஞ்சின் அறைப் பெண் ஒருத்தி அவன் குட்டைக் கண்டுபிடித்துவிடுகிறாள். நேரே அவனிடம் வருகிறாள். கத்தப்போகிறாள் என்று அவன் நடுங்குகிறான். அவளோ, "நாளைக்கு எங்க ஊர்ல மழைன்னு படிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

படித்து முடித்தாள். எதையும் நொட்டை சொல்லும் இன்னொரு எழுத்தாளர், தடிமனான கண்ணாடியால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கியவர், அவர்கூட அந்தக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கேருந்து எடுத்தே?" என்றார் கேப்டன்.

"விடிவெள்ளியிலேருந்து."

"அப்படியா? நானும் அந்தத் தொடரைப் பார்த்தவன்தான். இது ஞாபகத்துல இல்லையே. சரி, வயசாகுது."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் வக்கீலம்மா வரும் வரைக்கும்தான். எடுத்தது எதுவோ அதன் சொந்தக்காரர்களிடம் அனுமதி வாங்குவது அவர் பொறுப்பு. விடிவெள்ளியை எடுத்த நிறுவனத்தார் பழைய அத்தியாயங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மாள் ஒன்று விடாமல் உட்கார்ந்து பார்த்திருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அதுல அப்படியொரு காட்சியே கிடையாது. ரேடியோக்காரனே கிடையாது. இருக்கிறதெல்லாம் ஒரு கேப்டனும் ஒரு நாயும்தான்."

சின்னவள் கையிலிருந்த தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேற எந்தத் தொடர்னு யோசிச்சுச் சொல்லும்மா. எடுத்திருக்கோம்னு தெரியுது, எங்கேருந்துன்னு தெரியல. இந்த நிலைமையில நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு எவனாவது வந்து கழுத்துல துண்டைப் போடுவான். நாளைக்குள்ள சொல்லணும். இல்லைன்னா அந்தக் காட்சி வேண்டாம்."

அந்தக் காட்சி இல்லாவிட்டால் அத்தியாயத்தில் மிஞ்சுவது உஸ்ஸென்று திறக்கும் கதவுதான். கேப்டன் தர்மசங்கடத்தோடு சோடாபுட்டியைப் பார்த்தார். வேறு அத்தியாயம் தயார் பண்ணிக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

சின்னவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. விடிவெள்ளியை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. சின்ன வயதில் படியிலிருந்து உருண்டு தொடை எலும்பு முறிந்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வீட்டில் டிவி கிடையாது. மாடிவீட்டில் உண்டு. அக்கா வாராவாரம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இயந்திரத்தின் குரல் முதற்கொண்டு நடித்துக் காட்டுவாள். கேட்டதெல்லாம் கண்ணால் பார்த்தது மாதிரியே இவள் மனதில் பதிந்துவிட்டது. இப்போது கேட்க வேண்டிய ஆளும் அக்காதான்.

அக்கா பொய்ப்பல் செய்கிறவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் அவளுடைய கூடம். அலமாரி முழுக்க யார் யாருடைய ஈறுகளோ பிளாஸ்டர் அச்சாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். சின்னவள் போனபோது அக்கா சின்னக் கத்தியைச் சுடரில் காட்டி, மெழுகில் முன்பல் ஒன்றைக் கொஞ்சம் கோணலாகப் பதித்துக்கொண்டிருந்தாள்.

"கோணலா வைக்கிறியே?"

"அந்த அம்மாவுக்குப் பல்லு அப்படித்தான் இருந்துச்சாம். நேரா வெச்சா பேரப்பிள்ளைக்கு அடையாளம் தெரியாதாம். என்னடி இந்த நேரத்துல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சின்னவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ரேடியோக்காரன் என்ற பேச்சு வந்ததும் அக்காவின் கத்தி நின்றது.

"அது எந்த அத்தியாயம்க்கா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு. என் பிழைப்பே அதுலதான் இருக்கு."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? நீ டீ குடிக்கிறியா?"

"அக்கா."

அக்கா சுடரை அணைத்தாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"திட்டக் கூடாது."

"சொல்லு."

"மாடிவீட்டுக்காரங்க ஆரம்பத்துலயே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கடி. டிவியும் அவங்களோட போயிடுச்சு."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ நீ சொன்னதெல்லாம் ரீலா? இத்தனை வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கே! அதை நம்பி அத்தனை பேர் முன்னாடி விடிவெள்ளின்னு வாய் கூசாம சொன்னேனே!"

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? எப்போ மணி ஆகும், எப்போ மணி ஆகும்னு அந்தச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டுக் கிடப்பே. டிவி போயிடுச்சுன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

"ஆனா நீ மேல போவியே. ஒரு மணி நேரம் கழிச்சுத்தானே வருவே? எங்க போனே?"

"எங்க போறது? பூட்டின வீட்டு வாசல்ல, மாடிப்படியில உட்கார்ந்திருப்பேன். அடுத்தது என்னன்னு யோசிக்க வேண்டாமா?"

சின்னவள் அங்கிருந்த சுழல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இருட்டுப் படியில், முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு, தனக்காக ஒரு விண்கப்பலை ஓட்டிக்கொண்டிருந்த சிறுமியை நினைத்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"அந்த ரேடியோக்காரன்?"

"ஒருநாள் ஒண்ணுமே தோணல. சரின்னு நான் பண்ணிட்டிருந்ததையே தூக்கிக் கதையில போட்டுட்டேன். நீ எங்க கண்டுபிடிச்சுடுவியோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். எஞ்சின் அறைப் பொண்ணு அவனை எல்லார்கிட்டயும் காட்டிக்கொடுக்கிற மாதிரிதான் வெச்சிருந்தேன். நீதான் சண்டைக்கு வந்தே."

"நானா?"

"காட்டிக்கொடுக்கக் கூடாது, பாவம் அவன்னே. அவ போய் நம்ம ஊர்ல மழைன்னு படிக்கச் சொல்லட்டும்னே. அந்த மழை உன்னோடதுடி."

மறுநாள் சின்னவள் அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். அக்கா சட்டைக் கையில் பிளாஸ்டர் தூசி, வாயில் ஆயிரம் முணுமுணுப்பு. நடந்ததைக் கேட்ட சோடாபுட்டி சிரித்த சிரிப்பில் மேசை குலுங்கியது. வக்கீலம்மா சிரிக்கவில்லை. அக்காவைக் குறுக்குவிசாரணை மாதிரிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசியில் பேனாவைத் திறந்து, அனுமதித் தாளில் மூலம் என்ற இடத்தில் விடிவெள்ளியை அடித்துவிட்டு, அக்கா தங்கை இருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தியாயம் தேறிவிட்டது. கேப்டன் எழுந்து, கடைக்கோடி நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுச் சின்னவளை உட்காரச் சொன்னார். அக்காவுக்கும் ஒன்று வந்தது.

"ஒரு சந்தேகம்," என்றார் கேப்டன் அக்காவைப் பார்த்து. "அந்த ரேடியோக்காரன் கதி கடைசியில என்ன ஆச்சு?"

அக்கா விழித்தாள். "தெரியாதுங்க. இவ எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டா. அப்புறம் எங்க, ஓட்டமும் விளையாட்டும்தான். கதை கேக்கவே இல்ல. நானும் விட்டுட்டேன்."

"அப்போ அந்தக் கப்பல் அப்படியே நடுவழியில நிக்குதா?"

அக்கா மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் யோசிக்கிறாள் என்பது சின்னவளுக்கு மட்டும் தெரிந்தது.

"ஒருநாள்," என்று அக்கா மெதுவாக ஆரம்பித்தாள், "நிஜமாவே பூமியிலேருந்து ஒரு சேதி வருது. நல்ல சேதி. அவனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. இதுக்குள்ள எல்லாருக்கும் அவன் குட்டு தெரிஞ்சு போச்சு. இப்போ போய் நிஜம்னு படிச்சா, இவ்வளவு நாள் ரீல் விட்டவனை யாருங்க நம்புவாங்க?"

"நான் நம்புவேன்க்கா," என்றாள் சின்னவள்.

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ரேடியோக்காரனின் குரலில் அந்தச் சேதியைப் படிக்க ஆரம்பித்தாள்.