மத்தியானத்தில் குறையும் வேகம்

கார்த்திகேஷ் தன் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி, விளாங்குடியில் வீட்டு மாடி அறையில் வைத்துத் தானே பூட்டினான். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அவன் சூப்பர்வைசர். நாளெல்லாம் சேலை மடிப்புகளுக்கு நடுவே நிற்பவனுக்கு, தன் கையால் பூட்டிய மிஷின் ஒன்று வீட்டில் ஓட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

கூட இருந்து பூட்டியவன் சூரியபிரகாஷ். கல்லூரியில் ஒரே பெஞ்ச். ஊர் கீழக்குயில்குடி, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்க்கிறான். புது மதர்போர்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவன்தான்.

“இந்த போர்டுல என்ன விசேஷம்னா மாப்ள, ப்ராசசர் வேகத்த நாமளே கூட்டிக்கிடலாம். மிஷின் கிளம்புறப்பவே உள்ள ஒரு செட்டிங் இருக்கு, பயாசுன்னு பேரு. அதுக்குள்ள போயி நம்பர மாத்துனாப் போதும்.”

“எரிஞ்சு கிரிஞ்சு போயிறாதா?”

“சூடு ஏறும். அதுக்குத்தான் பெரிய ஃபேனாப் போட்டுருக்கேன். எம்புட்டுத் தாங்குதோ அம்புட்டுக் கூட்டுவோம்.”

ப்ராசசர் மேல் வெள்ளைப் பசையைத் தடவி, அலுமினியத் தகட்டையும் ஃபேனையும் அமுக்கி மாட்டினார்கள். கிளிப் விழுந்த சத்தத்தில் போர்டே உடைந்துவிட்டதென்று கார்த்திகேஷ் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்விட்சைப் போட்டதும் ஒரே ஒரு ‘பீப்’. திரையில் ப்ராசசரின் வேகம் ஆயிரத்து நூறு என்று வந்தது. பயாசுக்குள் போய்ச் சிறுகச் சிறுகக் கூட்டினார்கள். சாயங்காலம் அது ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் நின்று ஓடியது. கடைக்காரன் ஒரு விலைக்கு விற்ற பொருளை அதற்கு மேல் வேலை வாங்குவதில் கார்த்திகேஷுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து அவன் மனைவி இந்துப்ரியா சிரித்தாள்.

“எனக்கும் இதுல ஏதாச்சும் கத்துக் குடுங்களேன்” என்றாள்.

“உனக்கெதுக்கு இது?” என்றான் கார்த்திகேஷ். சூரியபிரகாஷ் மிச்ச ஸ்க்ரூக்களைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் ஒரு வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்கு ஏறிவிடுவான். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் அந்த எண் வந்துபோவதைப் பார்ப்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு ஒருநாள் அந்த இடத்தில் ஆயிரத்து நூறு என்று வந்தது.

தான்தான் சரியாக சேவ் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி கூட்டிவைத்தான். இரண்டு நாளில் திரும்பவும் ஆயிரத்து நூறு. மறுபடி கூட்டினான். மறுபடி குறைந்திருந்தது. யாரோ உள்ளே போய் மாற்றுகிறார்கள் என்று தோன்றியபோது அவன் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

பயாஸ் என்றால் என்னவென்றே இந்துப்ரியாவுக்குத் தெரியாது. மகள் ரம்யாஸ்ரீ இரண்டாம் வகுப்பு. மிச்சம் இருப்பது ஒருவன்தான். ஆனால் அவன் ஏன் மாற்ற வேண்டும்? சர்வீஸுக்கு வரும் மிஷினில் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் பூட்டிவிடுகிறார்கள் என்று கடையில் யாரோ சொல்லக் கேட்டிருந்தான். அன்றைக்கு அதைக் காதில் வாங்காதவன் இப்போது கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஃபேன் ஒயர் முன்பு இடதுபக்கமாகப் போனதாக ஞாபகம். இப்போது வலதுபக்கம் கிடந்தது. முன்பும் வலதுபக்கம்தானோ? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் வண்டியை நிறுத்தும்போது எதிர்வீட்டு ரெங்கம்மாள் கேட்டாள்: “ஒங்க கூட்டாளி மத்தியானம் வந்துட்டுப் போனாரே, கம்ப்யூட்டர் ரிப்பேராத் தம்பி?”

“ஆமாக்கா, ஆமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். இந்துப்ரியாவாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். அவள் ரம்யாஸ்ரீயின் வீட்டுப்பாடத்தைச் சொன்னாள், தண்ணீர் வராததைச் சொன்னாள். சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்துப் பார்த்தான்.

“இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“சிலிண்டர்க்காரர் வந்தாரு” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பதில் அவனுக்குள் முள்ளாக இறங்கியது. அதுவரை ப்ராசசரைப் பற்றி இருந்த சந்தேகம் அந்த நிமிஷத்தில் வேறொன்றாக மாறிவிட்டது. அதை என்னவென்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கக்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

பயாசுக்கு பாஸ்வேர்ட் போட்டான். போட்டும் வேகம் குறைந்தது. பாஸ்வேர்ட் கலையாமல் அப்படியே இருந்தது. யாருமே உள்ளே போகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அவன் அப்படி யோசிக்கவில்லை. சர்வீஸ்காரர்களுக்கு எந்தப் பூட்டையும் திறக்க ஒரு பொதுச் சாவி இருக்கும் என்று யோசித்தான். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு சேரும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டு செல்லோ டேப்பை ஒட்டிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சூரியபிரகாஷ் வழக்கம்போல வந்தான். “என்ன மாப்ள, வண்டி எப்படி ஓடுது?” என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“ஒனக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“வேகம் தானா கொறையுது.”

சூரியபிரகாஷ் யோசித்தான். “கொஞ்சம் எறக்கி வையி மாப்ள. இந்த வெயிலுக்கு இம்புட்டு வேண்டாம்.”

குறைத்துவைக்கச் சொல்கிறவன்தான் குறைக்கிறவன் என்று கார்த்திகேஷுக்கு உறுதியாகப் பட்டது. அந்த நேரம் பார்த்து இந்துப்ரியா காபியோடு வந்தாள். டம்ளரை நீட்டும்போது அவளும் சூரியபிரகாஷும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டதாக அவனுக்குத் தோன்றியது.

வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். வேற்றாள் முன்னால் தங்களுக்குள் எதையாவது சொல்லிக்கொள்ள அது வசதி. கார்த்திகேஷ் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், காபி நன்றாக இருக்கிறது என்று சொல்வது போன்ற குரலில், மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் சொன்னான்: “நான் இல்லாத நேரத்துல இனிமே இவன உள்ள விடாத. இவன் நல்லவன் இல்ல.”

இந்துப்ரியாவின் முகம் வெளுத்தது. அவள் கணவனைப் பார்க்கவில்லை, சூரியபிரகாஷைப் பார்த்தாள்.

சூரியபிரகாஷ் டம்ளரைக் கீழே வைத்தான். பாதிக் காபி மிச்சம் இருந்தது. பிறகு அவனும் அதே பாஷையில், தட்டுத் தடுமாறி, ஆனால் தெளிவாகச் சொன்னான்.

“ஒருக்காத்தான் வந்தேன். வாசல்ல நின்னு ஒரு சிடி குடுத்துட்டுப் போனேன்.”

சூரியபிரகாஷ் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே தமிழுக்கு மாறினான்.

“எங்கப்பா பால் ஊத்துனது பூராம் ஒங்க ஆளுக தெருவுலதான் மாப்ள. சின்னப் பிள்ளையில நானும் கேன் தூக்கிட்டுப் போவேன். பாதி வெளங்கும், பாதி வெளங்காது. இன்னைக்கு முழுசா வெளங்கிருச்சு. வாரேன் தங்கச்சி.”

வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. இந்துப்ரியா டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. எந்த சிடி என்று கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை. கேட்டால் வரும் பதிலை நம்புவோமா என்பதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. வைகைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து சில நாள் விடாமல் பெய்தது. அந்த நாட்களில் வேகம் குறையவே இல்லை. ஸ்விட்சைப் போட்டால் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்; டேப் ஒட்டினது ஒட்டினபடி. பார்த்தாயா, அவன் வரவில்லை, மிஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று கார்த்திகேஷ் தனக்குள் சொல்லிக்கொண்டான். தான் செய்தது சரிதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடையில் வாடிக்கையாளர்களிடம்கூட அவன் குரல் அந்த வாரம் தெம்பாக இருந்தது.

மழை விட்டது. கத்திரி வெயில் தொடங்கியது. அன்று சாயங்காலம் திரையில் ஆயிரத்து நூறு என்று வந்தது. குனிந்து பார்த்தான். டேப் கிழிந்திருந்தது.

கிழிந்த டேப்பை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டினான். மறுநாளும் கிழிந்திருந்தது. அப்படியானால் அவன் இன்னும் வருகிறான். சொன்ன பிறகும் வருகிறான்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கடையிலிருந்து கிளம்பினான். ஆரப்பாளையம் தாண்டும்போது தார் ரோடு கானலில் நெளிந்தது. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தான். சொந்த வீட்டுக்குத் திருடன் போல நடப்பது அவனுக்கே தெரிந்தது, இருந்தாலும் நடந்தான். வாசலில் வேறு வண்டி இல்லை. அவன் அதையும் நம்பவில்லை. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினான்.

அறைக்குள் அனல் அடித்தது. காங்கிரீட் தளம் காலையிலிருந்து வாங்கிய வெயிலையெல்லாம் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. இந்துப்ரியா தனியாக இருந்தாள். கேபினெட்டின் பக்கத்தகடு கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. அதற்கு நேராக டேபிள் ஃபேன் சுற்றியது. புழுக்கத்தில் அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. காற்றை அவள் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. திரை கறுப்பாக உறைந்து நின்றது.

அவள் ரீசெட் பட்டனை அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சில வரிகள் வந்தன. கார்த்திகேஷ் கதவருகே நின்றபடியே அதைப் படித்தான். வேகத்தைக் கூட்டியதால் கிளம்ப முடியவில்லை, பழைய வேகத்துக்கே மாற்றப்பட்டிருக்கிறது, தொடர எஃப் ஒன் அழுத்தவும். அவள் பழகிய கையாக எஃப் ஒன்னை அழுத்தினாள். ஆயிரத்து நூறு என்று வந்து, மிஷின் கிளம்பியது.

அவன் சாயங்காலம் போடும்போது அறை ஆறியிருக்கும். மத்தியானம் எரியும். மழை நாளில் மத்தியானமும் எரிந்திருக்காது. எல்லாமே அந்த ஒரு நிமிஷத்தில் அவனுக்கு விளங்கிப்போனது. விளங்கியதும் ஓரடி முன்னால் வைத்தான், தோள் கதவில் இடித்தது.

சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

“யாரத் தேடி வந்தீங்க?”

“தலவலி.”

“செருப்பக் கையில எடுத்துட்டு வார தலவலியா?”

அவள் மவுஸைத் தட்டி, பாதி அடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திரையில் திறந்தாள்.

“தமிழ் டைப்பிங் சிடி கேட்டேன் அந்த அண்ணன்கிட்ட. நாலு பத்திரிகை அடிச்சுப் பழகிட்டு ஒங்கள்ட்டக் காட்டலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா ஒனக்கெதுக்குன்னு சிரிப்பீங்க.” அவள் குரல் உயரவில்லை. “டேப்ப மொதல்ல நான் கம்பெனி சீல்னு நெனச்சேன். கிழிஞ்ச மறுநாளே புதுசா இருந்துச்சு பாருங்க, அப்பத்தான் புரிஞ்சது. அது அந்த அண்ணனுக்கு ஒட்டுனதா, எனக்கு ஒட்டுனதா?”

“இந்து…”

“வேகம் ஏன் கொறையுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த எழுத்தக் காட்டியிருப்பேன். இத்தன நாள்ல ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. ரெங்கம்மாள் சொன்னதைக் கேட்டான், கடையில் எவனோ சொன்னதைக் கேட்டான், ஃபேன் ஒயரைக் கேட்டான். அவளைக் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு கீழக்குயில்குடிக்குப் போனான். சூரியபிரகாஷ் வீட்டு வாசலில் மோட்டார்பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். சமணர் மலைப் பாறை வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. “வா” என்றான். “மாப்ள” என்று சேர்க்கவில்லை. கார்த்திகேஷ் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான், டேப்பையும் சொன்னான்.

சூரியபிரகாஷ் பைக் சங்கிலியில் துணியை ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழுந்து துணியை உதறினான்.

“ப்ராசசரத் திருடிட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடச் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நீ அந்தப் பிள்ளை முன்னாடி சொன்ன பாரு…” பாதியில் நிறுத்திக்கொண்டான். “வந்ததுக்குச் சந்தோசம். மோர் குடிச்சிட்டுப் போ.”

மோர் வந்தது. குடித்தான். கிளம்பும்போது சூரியபிரகாஷ், “வேகத்த எறக்கியே வையி. சூட்டுல போர்டும் போயிரும்” என்றான். கார்த்திகேஷ் வீட்டுக்கு வந்ததும் அப்படியே செய்தான். அதன் பிறகு அந்த எண்ணை அவன் கூட்டவில்லை. இந்துப்ரியா மத்தியானங்களில் பத்திரிகை அடித்தாள். வைகாசி பிறந்து முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. தெருவில் அவளைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் அவனோடு பேசினாள், சிரித்தாள். ஆனால் அவன் மாடி ஏறி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துகொள்வாள். அது மட்டும் மாற வெகுநாள் ஆனது.

ஆவணியில் ஒருநாள் கடைக்கு போன் வந்தது. இந்துப்ரியா.

“கம்ப்யூட்டர் ஆன் ஆகல. பவர் சப்ளை போயிருச்சு போல. நாளைக்கு முகூர்த்தப் பத்திரிகை குடுக்கணும். சூரியா அண்ணனக் கூப்பிட்டிருக்கேன். முதல்ல வர மாட்டேன்னுட்டாரு. நாந்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். இப்ப வந்துக்கிட்டிருக்காரு. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.”

“சரி” என்றான் கார்த்திகேஷ். “அவனச் சாப்பிடச் சொல்லு.”

போனை வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்றான். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கை ஒரு தடவை தானாகப் போய் ரிசீவரைத் தொட்டது. வீட்டுக்குப் பேசி, அவன் வந்துவிட்டானா, போய்விட்டானா என்று கேட்கப்போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டு, பட்டுப்பிரிவில் காத்திருந்த குடும்பத்துக்குச் சேலை விரிக்கப் போனான்.