தொட்டிக்கு வந்த தேனீக்கள்

காலையில் கோழிக்கொட்டகைக்குள் நுழைந்ததும் பண்ணைக்காரர் செய்கிற முதல் வேலை, டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பது. அக்கம்பக்கத்தில் அவருக்கு ‘மோப்பம்’ என்றே பெயர். பால்காரர் ஊற்றும் பாலை முகர்வார். மருமகன் வாங்கித் தந்த புதுச் சட்டையைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார். இப்போது டப்பாவில் இருந்தது மகரந்தத் தூள். தேனீ வளர்க்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கொடுத்தது.

“தினமும் மோந்து பார்த்தா அது வேற ஆயிடுமா?” என்றாள் மனைவி, தீவனத்தைக் கிளறியபடி.

“உன் தம்பி குடுத்ததாச்சே. மரத்தூளக் கலந்திருந்தா யார் கண்டா?”

மச்சானோடு பேசி முடிவானது இதுதான்: இரண்டு கொட்டகைகளில் சின்னதுக்கு மட்டும் நாற்பது நாள் மகரந்தமும், தேனீக்கள் கூட்டின் இடுக்கை அடைக்கும் பிசினில் கொஞ்சமும் கலந்த தீவனம். நோய் வருமுன்னே எல்லாக் கோழிக்கும் தண்ணீரில் கரைத்துவிடுகிறாரே ஒரு மருந்து, அது அங்கே கூடாது. “பலன் இல்லைன்னா நானே நிறுத்தச் சொல்றேன் மாமா” என்றிருந்தான் மச்சான். தன் பன்னிரண்டு தேன்பெட்டிகளையும் கொண்டுவந்து சின்னக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தான். அங்கே அந்தக் கோழிகளுக்கான தண்ணீர்த் தொட்டியின் அடியில் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அடைக்கப் போனவரைத் தடுத்துவிட்டான். “இருக்கட்டும் மாமா. மருந்தில்லாத தண்ணி. என் தேனீ குடிச்சிட்டுப் போகட்டும்.”

மோப்பத்துக்கு அதுவும் உறுத்தியது. இவ்வளவு இளித்துப் பேசுகிறவன் எதையோ தலையில் கட்டப் பார்க்கிறான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். பத்தாம் நாள் இரண்டு கோழி தும்மியது. அவ்வளவுதான். கோழி டாக்டரைக் கூப்பிடவில்லை, மச்சானிடமும் கேட்கவில்லை. தீவன மூட்டைக்குப் பின்னாலிருந்த மருந்துப் பொட்டலத்தை எடுத்து யாருமறியாமல் சின்னக் கொட்டகைத் தொட்டியில் கரைத்தார். மறுநாளும் கரைத்தார். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது.

நாற்பது நாளும் முடிந்தது. கோழிகள் கொழுகொழுவென்று நின்றன, முட்டையும் குறையவில்லை. “என் தம்பிய இப்பவாவது நம்புறீங்களா?” என்று மனைவி கேட்டபோது, “பார்க்கலாம்” என்று மீசையைத் தடவிக்கொண்டார். மகரந்தம் வேலை செய்ததா, மருந்து வேலை செய்ததா என்று இனி கடவுளுக்கும் தெரியாது.

அடுத்த வாரம் மச்சான் கையில் ஒரு காகிதத்தோடு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“தேன் வாங்கறவங்க எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க அக்கா. பரிசோதனையில மருந்து இருக்காம். இனிமே என்கிட்ட தேனே எடுக்க மாட்டாங்களாம்.”

பண்ணைக்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. “நான் அன்னைக்கே நினைச்சேன். தேனீக்கே மருந்து குடுத்து வளர்க்கிற ஆளு, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்.”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா குடுக்கல மாமா. பதினாறு வருசமாத் தேன் எடுக்கறேன். ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல.”

“காகிதத்தக் குடு.”

வாங்கி வாசித்தார். மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தீவன மூட்டைக்குப் பின்னால் அவர் ஒளித்து வைத்திருந்த பொட்டலத்தின் மேலும் அதே பெயர்தான். கசியும் குழாயடியில் காலை வெயிலில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சும் தேனீக்கள் அவர் கண்முன் வந்தன. முகத்தில் ஈயாடவில்லை.

“தேன்பெட்டி கழுவ வர்ற கூலியாள் மேலதான் எனக்குச் சந்தேகம்” என்றான் மச்சான். “நாளைக்கே நிறுத்திடப் போறேன்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பிவிடலாம். அந்த எண்ணமும் அவருக்கு வராமலில்லை. ஆனால் தப்பே செய்யாத இன்னொருவன் பிழைப்பிலும் மண் விழும். மச்சானோ படியில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறான். அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. எழுந்து கொட்டகைக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து மச்சான் முன்னால் வைத்தார்.

“யாரையும் நிறுத்தாத. நான்தான் தொட்டியில கரைச்சேன்.”

மச்சான் பொட்டலத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். “கோழிக்கு என்ன வந்துச்சு மாமா?”

“ஒண்ணும் வரல. ரெண்டு தும்மிச்சு.”

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். “மருந்தில்லாத முட்டைன்னு பொறுக்கி எடுத்து நம்ம பொண்ணு குழந்தைக்கு அனுப்பினேனே.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “நோய் வந்தா மருந்து குடுக்கலாம். நீங்க சந்தேகத்துக்கு மருந்து குடுத்தீங்க. அது கோழியோட நிக்கல. தேனுக்குப் போச்சு, முட்டைக்குப் போச்சு, குழந்தை தட்டு வரைக்கும் போச்சு.”

மோப்பம் சட்டையை மாட்டிக்கொண்டு, காகிதத்தையும் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்.

“கிளம்பு மச்சான். தேன் வாங்கறவங்க முன்னாடி நின்னு இது என் தப்புன்னு நானே சொல்றேன். ஊரையெல்லாம் மோந்து பார்த்தேன், என் கைய மட்டும் மோந்து பார்க்கல.”