நாலாவது தசமம்

குழந்தை கடைசியாகக் குடித்து மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குக் கடிகாரம் வேண்டியதில்லை. இடது மார்பு முதலில் சொல்லும். ஐந்து நிமிடம் கழித்து வலது மார்பு ஆமாம் போடும். கையுறையைக் கழற்றினாள், கை கழுவினாள், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிச் சாமான் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். வேலைக்குத் திரும்பிய பதினேழு நாட்களில் இது முப்பத்து மூன்றாவது முறை.

அது குடிதண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம். கண்ணாடிச் சாமான் அறை என்பது பேருக்குத்தான் அறை. உண்மையில் ஒரு சந்து. இரண்டு பக்கமும் அலமாரிகள், அவை நிறையக் குடுவைகள். கோடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் மேடை. முன்பு இந்தச் சந்தும் பக்கத்துத் தராசு அறையும் ஒன்றாக இருந்தன. நடுவில் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்தபோது கல்லை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மேடையில் முக்கால் பங்கு அந்தப் பக்கம் தராசுக்குப் போனது. கால் பங்கு இந்தப் பக்கம் நின்றது.

அந்தக் கால் பங்கில்தான் பால் எடுக்கும் மிஷினை வைப்பாள். உள்ளங்கை அளவு மோட்டார், இரண்டு குழாய்கள், இரண்டு புட்டிகள். காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறியின் இரைச்சலில் மோட்டார் சத்தம் யார் காதுக்கும் எட்டாது. போனைத் திறந்தாள். இரவு வேலைக்குப் போகும் அவள் கணவன் பகலில் மகளைப் பார்த்துக்கொள்கிறான். தினமும் காலையில் அவளை ஒரு குட்டி வீடியோ எடுத்து அனுப்புவான். இன்றைக்குக் கொட்டாவி. மொத்தம் ஒன்பது நொடி. ஏழாவது நொடியில் பால் இறங்கியது.

இந்த விஷயத்தில் இனி யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க முடியாது. முதல் பத்து நாட்கள் காம்பு வெடித்து, குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் கால் விரல்களை மடக்கிக்கொண்டு அழுதவள்தான். பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. தலையணை உயரம் ஒரு நாள். குழந்தையின் தலைச் சாய்வு மறுநாள். மூன்றாவது வாரம் குழந்தை வாயை அகலத் திறந்து, வலியில்லாமல், மடக் மடக்கென்று குடித்தது. ஆறாவது வாரம் ஒரு வேளை தவறியதில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அதிலிருந்து வேளை தவறவிடுவதில்லை. ஐந்து மாதக் குழந்தை இப்போது கொழுகொழுவென்று இருக்கிறது. பவுடர் பாலைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்கிறது.

வராத வித்தை ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் நடுவில் வாய் திறப்பது.

திரும்பி வந்த முதல் நாள், ஆய்வுக்கூடத்தின் தலைவி ஒன்பது பேர் முன்னால் கேட்டார்: “குழந்தை பவுடருக்குப் பழகிடுச்சில்ல? இடையில ஓட வேண்டியிருக்காதே?” அவள் தலையாட்டிவிட்டாள். ஆட்டிய தலையைத் திருப்பி ஆட்ட அதற்குப் பிறகு நேரம் வாய்க்கவில்லை. கண்ணாடிச் சாமான் அறைக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது: உணவுப் பொருள் எதுவும் உள்ளே கூடாது. தாழ் உள்ள வேறு இடம் கழிவறைதான். மகள் குடிக்கப்போவதை அங்கே உட்கார்ந்து எடுக்க அவளுக்கு இஷ்டமில்லை.

நூற்றுப் பத்து மில்லி. மூடி, ஐஸ் பைக்குள் வைத்து வெளியே வந்தாள்.

தராசு அறை வாசலில் கூட்டம்.

“மறுபடியும் ஆடுது மேடம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான் பாயிண்ட். தண்ணீரை வடிகட்டிய தாளைக் காயவைத்து, எடை போட்டு, எவ்வளவு கசடு என்று சொல்வது அவன் வேலை. அரைக் கப் டீயைக்கூட “பாயிண்ட் அஞ்சு கப்” என்று கேட்பவன், பெயர் ஒட்டிக்கொண்டது. “நாலாவது தசமம் நிக்கவே மாட்டேங்குது.”

“தராசு ஆடுதா, உன் கை ஆடுதா?” என்றாள் வரவேற்பு மேசையில் புட்டிகளை வாங்கி வைக்கும் சாம்பிள் அக்கா. “பொண்ணு பார்க்கப் போனியே, அந்த நடுக்கம் இன்னும் போகலையா தம்பி?”

“அக்கா, என் பொழப்பே போயிட்டிருக்கு. உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?”

“லிஃப்டா இருக்கும்,” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“லிஃப்டு ஓடாதப்பவும் ஆடுது. நேரம் எழுதி வெச்சிருக்கேன், பாருங்க.”

அவன் நீட்டிய தாளை அவளும் எட்டிப் பார்த்தாள். பதினொன்று ஐந்து முதல் பதினொன்று இருபத்து மூன்று வரை. மூன்று பத்து முதல் மூன்றரை வரை. நாள் நாளாக, வரி வரியாக. தன் பால் கணக்கு நோட்டில் இருக்கும் அதே நேரங்கள். அவள் நோட்டில் மட்டும் பக்கத்தில் மில்லியும் இருக்கும்.

தலைவி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “பதினேழு நாள் எடையில எது சரி, எது தப்புன்னு இப்ப யார் சொல்றது? மூணு மணிக்கு நானே வந்து போட்டுப் பார்க்கிறேன்.”

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் தராசுக்குள் பத்துக் கிராம் எடைக்கல்லை வைத்தாள். எண்கள் அடங்கி நின்றன. இந்தப் பக்கம் வந்து வெறும் மோட்டாரைக் கல்மேல் வைத்து ஓட விட்டு, அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். கடைசி எண் குதித்தது: இரண்டு, ஏழு, நான்கு, ஒன்பது. மோட்டாரைத் துண்டில் சுற்றிப் பழைய ஸ்டூல்மேல் வைத்தாள். மறுபடி போய்ப் பார்த்தாள். பூஜ்யம். அசையவில்லை.

அப்பாடா என்று இருந்தது. கல்லில் வைத்தது தப்பு. ஸ்டூலில் வைத்தால் தீர்ந்தது. இனி தராசு ஆடாது, பாயிண்டை யாரும் கேலி செய்ய மாட்டார்கள், அவளும் வாய் திறக்க வேண்டாம். அப்போது கணவன் போனில் வீடியோ போட்டுக் கூப்பிட்டான்.

“உன் மக புட்டியைக் காலி பண்ணிட்டு, இன்னொன்னு எங்கேன்னு என்னை முறைக்கிறா.”

“இன்னும் அரை மணி கழிச்சுக் கொடு. தோள்ல போட்டுத் தட்டினியா?”

“தட்டினேன் தாயே. சட்டையைப் பாரு, சாட்சி இருக்கு.”

மூன்று மணிக்கு ஸ்டூல்மேல் மிஷினை வைத்து எடுத்தாள். நூற்று இருபது மில்லி. சந்தோஷமாகத்தான் கதவைத் திறந்தாள்.

தராசு அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தலைவி இருபது தாள்களை எடை போட்டு முடித்திருந்தார். இருபதும் அசையாமல் நின்ற எண்கள்.

“பார்த்தியா?” என்றார் பாயிண்டிடம். குரல் உயரவில்லை, அதுதான் மோசம். “நீ சொன்ன அதே நேரம். அதே தராசு. எனக்கு ஆடலை.”

“மேடம், காலையில ஆடுச்சு. எல்லாரும் பார்த்தாங்க.”

“நீ போட்டப்போ ஆடுச்சு. கதவைச் சரியா மூடலையோ, கை மேடையில படுதோ, எனக்குத் தெரியாது. நாளையிலேர்ந்து நீ வெளியே போய்ச் சாம்பிள் எடு. தராசுப் பக்கம் வேண்டாம்.”

சாம்பிள் அக்காகூடச் சிரிக்கவில்லை. பாயிண்ட் தன் இரண்டு கைகளையும் விரித்து, அவை வேறு யாருடையவோ போலப் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். ஆறு வருடமாக எடை போட்ட கைகள்.

தலைவி அவள் பக்கம் திரும்பினார். “எடை வேலையை இனி நீ பார்த்துக்கோ. உன் கை நிதானம்.”

அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. வழக்கம்போலத் தலை தானாக ஆடப் பார்த்தது. நிறுத்தினாள். தராசு ஆடியதை அவள் சரிசெய்தாள். அதனால்தான் இவன் மாட்டிக்கொண்டான். சொல்லாமல் விட்டால் நாளைக்கும் பதினொரு மணிக்கு அந்தச் சந்து அவளுக்குக் கிடைக்கும். சொன்னால், கதவில் ஒட்டிய சிவப்பு எழுத்தைக் காட்டித் தலைவி அதை மூடிவிடலாம். மூடட்டும், வேறு அறை கேட்பாள். கேட்கத் தெரியாதவள் ஒன்றுமில்லை. பிரசவ வார்டில் நர்ஸை மூன்று முறை திரும்பக் கூப்பிட்டு, சரியாகக் காட்டிக்கொடுங்கள் என்று கேட்டவள்தானே.

“அவர் கை இல்ல மேடம்.”

குரல் சன்னமாகத்தான் வந்தது. ஆனால் அந்த அறையில் இரைச்சல் இல்லை.

“என்ன சொன்னே?”

“காலையில ஆடினது என்னால. இந்தக் கல்லு தடுப்புக்கு அந்தப் பக்கமும் போகுது. அங்க ஒரு மோட்டார் ஓடுச்சு. இப்ப அதை ஸ்டூல் மேல வெச்சேன், அதான் ஆடலை. மதியம் எடைக்கல் வெச்சு ரெண்டு விதமாவும் பார்த்துட்டேன். வேணும்னா இப்பவே ஓட்டிக் காட்டுறேன்.”

பாயிண்ட் நிமிர்ந்தான். “மோட்டாரா? அந்தச் சந்துல என்ன மோட்டார்?”

சாம்பிள் அக்கா அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன மோட்டாரும்மா?” என்றார் தலைவி.

அவள் பையை முன்னால் இழுத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“பால் எடுக்கிற மிஷின் மேடம். அன்னிக்கு நீங்க கேட்டப்போ சும்மா தலையாட்டிட்டேன். என் பொண்ணுக்கு நான் இன்னும் தாய்ப்பால்தான் கொடுக்கிறேன்.”