ஊ ஒன் பே சொல்லி முடிக்காத பந்து

ஒலிபெருக்கி கிறீச்சிட்டது; வர்ணனையாளர் ஊ ஒன் பே மைக்கின் மேலேயே சரிந்தார்; ஆட்டக்காரன் லூ ஏ உதைத்த பந்து கீழே வரவில்லை. பர்மாவில், மண்டலே நகரின் தெற்குப் பக்கம், பகோடாத் திருவிழாவின் சின்லோன் கொட்டகையில் இது நடந்தது. ஆறு பேர் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலால் தட்டித் தட்டி, தரையில் விழாமல் காக்கும் ஆட்டம் அது. எதிரணி கிடையாது, புள்ளி கிடையாது. மேளக்காரர்கள் வாசிக்க, ஒவ்வோர் உதைக்கும் வர்ணனையாளர் சுடச்சுட ஒரு வார்த்தை சொல்வார். "நம்ம லூ ஏ இப்போ..." என்று ஆரம்பித்த இடத்தில் ஊ ஒன் பேயின் உயிர் போயிற்று. பந்து தோள் உயரத்தில் நின்று மெதுவாகச் சுழன்றது.

அவரைத் தகனம் செய்து, பிக்குகளுக்குச் சோறிட்ட பிறகும் அது அங்கேயே இருந்தது. விழாக் குழு சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, மற்ற அணிகளைக் கொட்டகையின் அடுத்த பாதிக்கு அனுப்பியது. பந்து விழும்வரை வட்டத்தை விட்டு நகரக் கூடாது என்பது வழக்கம். லூ ஏயுடன் ஆடிய ஐந்து பேரும் வியாபாரம், மூட்டுவலி, மாமியார் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். லூ ஏ மட்டும் வலது காலை முன்னே வைத்தபடி நின்றான். நின்றபடியே தூங்கப் பழகினான்.

சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் லூ ஏ நல்ல ஆட்டக்காரன் இல்லை. அவன் பந்தைத் தவறவிட்டால் மற்ற வர்ணனையாளர்கள் "வாத்துக்கால்" என்று கொட்டகையையே சிரிக்க வைப்பார்கள். ஊ ஒன் பே மட்டும், "பூமிக்கும் ஆட ஆசை இருக்காதா? இவன் ஒருத்தன்தான் அதையும் ஆட்டத்துல சேத்துக்கறான்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் மா சான் யீ அவனைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். பெரியவருக்கு அவன் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது இந்தப் பந்து விழுந்தால், அவருடைய கடைசி ஆட்டம் தன் காலால் கெட்டதாகிவிடும் என்று பயந்தான்.

மழைக்காலங்கள் போயின. சமையல் எண்ணெய் விலை ஏறியது. குருவிகள் பந்தின் மேல் உட்கார்ந்து பார்த்து, அது சுற்றுவது பிடிக்காமல் பறந்தன. புது வர்ணனையாளர்கள் வந்து அந்த வாக்கியத்தை முடித்துப் பார்த்தார்கள். பந்து காது கொடுக்கவில்லை. ரிக்‌ஷாவை மா சான் யீ ஓட்டினாள், மதியம் சோறு கொண்டுவந்தாள்.

"மிதிச்சு மிதிச்சு எனக்குக் கால் வீங்குது, நின்னு நின்னு உனக்கு வீங்குது. வீட்டுல ஒரு நல்ல காலாவது வேணாமா?"

"இன்னும் கொஞ்ச நாள், சான் யீ."

"பந்து சொல்லுச்சா?"

அவன் சோற்றை மென்றான்.

நான்காவது திருவிழாவில் ஊ ஒன் பேயின் மனைவி டோ தெய்ன் ஞோ முதன்முறையாக அங்கே வந்தார். கும்பிடக் குனிந்த லூ ஏயின் முழங்கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். பந்து அவசரமில்லாமல் இறங்கி, அவன் பக்கத்தில் உருண்டு நின்றது. மேளக்காரர் பந்து விழுந்தால் அடிக்கும் அடியை அடித்தார். விழாக் குழு கயிற்றை அவிழ்த்தது. அடுத்த அணி லுங்கியை வரிந்துகட்டியது.

"விட்டுட்டேனே அம்மா," என்றான் லூ ஏ. "அவரோட கடைசிப் பந்த விட்டுட்டேனே."

டோ தெய்ன் ஞோ அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நல்லா ஆடறவன யாரு வேணா வர்ணிக்கலாம், லூ ஏ பந்தக் கீழ விட்டாத்தான் எனக்கு வேலையேன்னு அவரு வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருப்பா."