வெறுங்காலுக்கு ஒரு பிரேஸ்

உறுமி மேளம் கேட்டால் என் எடை தொண்ணூறு கிலோ என்பது எனக்கு மறந்துவிடும். கூட்டாளி யுகேந்திரனின் மகளுக்குப் பேர் வைத்த விருந்தில் அப்படித்தான் எம்பிக் குதித்தேன். இறங்கியது தரையில் அல்ல, அவன் கணுக்காலில். மேளம் நின்றது. நான் மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடினேன்.

எலும்பு தப்பியது, தசைநார் கிழிந்தது. வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தான். வருடக்கணக்காகக் காத்திருந்து பிறந்த பிள்ளை. அதற்காகக் கோலா கங்சார் பக்கம், அவன் அப்பா பால்மரம் வெட்டிய பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தான். இதோ, திருவிழா வந்துவிட்டது. "நடந்துடுவானா?" என்று யாரைக் கேட்டாலும் "பார்ப்போம்லா" என்கிறார்கள். டாக்டர்கூட, "கணுக்காலைத் தாங்கிப் பிடிக்க பிரேஸ் போட்டுப் பார்ப்போம்" என்றார்.

ஆகவே ஈப்போ டவுனில், பிசியோதெரபிஸ்ட் ஆட்ரி நடத்தும் கடைக்கு அவனை என் காடியின் பின்சீட்டில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். ஆட்ரி மூன்று வகை எடுத்து வைத்தாள். முதலாவது, முழங்கால் வரை ஏறும் பூட்ஸ். காற்றடித்து இறுக்கிக்கொள்ளலாம். அடிபட்டவன் போடுவதற்கு முன்னால் நானே மாட்டிப் பார்த்தேன்.

"மச்சான், இதுதான்லா! இதப் போட்டா நீ கேமரன் மலையே ஏறிடுவே!"

"அடியில என்னடா அது?"

"ரப்பர். கெட்டியா இருக்கு!"

"சப்பாத்துலா அது. சப்பாத்தோட அம்மன்கிட்ட போவியா நீ?"

அதற்குள் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம்கூட அனுப்பியிருந்தேன். சத்தமில்லாமல் கழற்றினேன்.

இரண்டாவது, கணுக்காலின் இருபுறமும் பிளாஸ்டிக் தகடு. "சப்பாத்துக்குள்ள போட்டாதான் இது நிக்கும். வெறுங்கால்ல நழுவிடும்" என்றாள் ஆட்ரி.

மிச்சம் இருந்தது கயிறு கட்டும் துணி பிரேஸ். பார்க்க, பாதி நெய்து விட்டுவிட்ட காலுறை மாதிரி. "இதா?" என்றேன் ஏளனமாக.

ஆட்ரி என்னைக் கண்டுகொள்ளவில்லை. கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். "நிக்கிறப்ப வலிக்குதா அண்ணே?"

"இல்லம்மா."

"குடம் எவ்வளோ கனம் இருக்கும்?"

நான் அதற்குள் பக்கத்துக் காப்பிக்கடைக்கு ஓடியிருந்தேன். கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் ஒரு வாளித் தண்ணீர் கடன் வாங்கி வந்து, யுகேந்திரன் தலையில் ஏற்றினேன். பாதி என் சட்டைக்குப் போனது. மீதியோடு அவன் கடை வராந்தாவில் நடந்தான். காப்பி குடித்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "போலே! போலே!" முடியும், முடியும் என்று மலாயில் கூவிக் கை தட்டினார் தவுக்கே. என் நெஞ்சில்தான் மேளம் அடித்தது. ஆட்ரி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதத்தையே பார்த்தபடி கூடவே குனிந்து நடந்தாள். தூண் அருகே திரும்பியபோது அவன் லேசாக நொண்டினான். சமாளித்துத் திரும்பி வந்தான்.

வாளியை இறக்கினேன்.

"தங்கச்சி, பார்ப்போம்னு மட்டும் சொல்லிடாத. அவனால முடியுமா, முடியாதா?"

ஆட்ரி நிமிர்ந்தாள்.

"ஊர்வலம் முழுக்க முடியாது. கோயில் வாசல் வரைக்கும் காடியில வரட்டும். அங்க எறங்கி, இதப் போட்டுக்கிட்டு அம்மன்கிட்ட குடத்த அவரே கொண்டு போவாரு. முடியும்ண்ணே."