தனகோடி வெட்டிய மேல்மண்

நெய்வேலியில், தபாலில் பி.ஏ. படிக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு யுனிவர்சிட்டிக்கு அனுப்பவேண்டிய கட்டுரைகளை எழுத ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் தனகோடிக்கு நீளம்தான் வியாதி. வறட்சியைப் பற்றி எழுதச் சொன்னால் உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பிப்பார்.

ஒருநாள் எரிச்சலில் கத்திவிட்டேன். "மைன்ஸ்ல மேல்மண்ணை வெட்டி எடுத்தாத்தானே கரி கிடைக்குது? கட்டுரையிலயும் அதையே செய்யுங்க!"

மறுவாரம் அரைப் பக்கம் கொண்டுவந்தார். ஒரு சொல் வீணில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து, அவருடைய ஷிப்ட் கூட்டாளி சிங்காரவேல் நீட்டிய கட்டுரை தலையணை கனம் இருந்தது. பிரித்தேன். உலகம் தோன்றிக்கொண்டிருந்தது.

"இது உங்களோடதாச்சே!" என்று தனகோடியை முறைத்தேன்.

"வெட்டுன மண்ண எங்கனா கொட்டணும் இல்லீங்களா டீச்சர்? இவன் கட்டுரதான் பள்ளமா கெடந்துச்சு."

"ரெண்டையும் அப்படியே யுனிவர்சிட்டிக்கு அனுப்பித் தொலைங்க" என்றேன். அனுப்பினார்கள்.

தனகோடிக்கு 'விரிவு போதாது' என்ற குறிப்புடன் பார்டர் மார்க் வந்தது. சிங்காரவேலுக்கு முதல் வகுப்பு.

அந்த ஞாயிறு தனகோடி என் வகுப்புக்கு வரவில்லை. மண்ணைத் திருப்பி அள்ளிவர சிங்காரவேலின் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தார்.