மூன்று மணிக்குத் திரும்புவேன்

இசோபே இறந்த எட்டாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் அலுவலகக் கதவு திறந்தது. வெளியே போன ஆள் திரும்பினால், கையில் என்ன வேலை இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து "வாங்க, அலைஞ்சு வந்திருக்கீங்க" என்று சொல்வது எங்கள் வழக்கம். பழக்கதோஷம், தலை நிமிராமலே பன்னிரண்டு பேரும் சொல்லிவிட்டோம். பிறகுதான் பார்த்தோம். வாசலில் யாரும் இல்லை. ஈர ஷூ தடம் மட்டும் ஒவ்வொன்றாகப் பதிந்து இசோபேயின் மேசை வரை போனது. நாற்காலி மெல்ல அமுங்கியது.

தப்பு எங்கள் மேல்தான். ஒருமுறை வாங்க என்று சொன்ன ஆளை மறுநாள் எப்படி வராதே என்பது? ஜெராக்ஸ் மெஷின் கெட்டால் ஒரு வாரம் பேசுகிற கூட்டம், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேலை நாள் தவறாமல் மூன்று மணிக்குக் கதவு திறந்தது, நாங்களும் வரவேற்றோம்.

வாசலருகே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. யார் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று அவரவர் எழுதிவிட்டுப் போக வேண்டும். இசோபேயின் வரியில் "மலைப் பள்ளிக்கூடம், 3 மணிக்குத் திரும்புவேன்" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. எங்கள் கம்பெனிப் பெஞ்சுகளுக்கு ஆர்டர் கேட்டுவிட்டுத் திரும்பிய அந்த மலைப்பாதையில்தான், மழையில் கார் சறுக்கி ஆற்றில் விழுந்தது. அடுத்தவர் வரியை யாரும் அழிக்க மாட்டோம், அதுவும் ஒரு மரியாதை.

என் பெயர் கசாய், மரியாதையாக அழைப்பவர்களுக்கு கசாய்-சான். அவருக்கு எதிர் மேசை. ஆறு வருஷம் அவரை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாத மடச்சி. மற்றவர்களுக்குத் தண்ணீர் மட்டும் தெரிந்தது. எனக்கு அவரே தெரிந்தார். தலை சொட்டச் சொட்ட மேலாளர் குரிதாவிடம், நாற்பது பெஞ்சு கேட்கிறார்கள் என்று தினமும் அதையே சொல்வார். குரிதாவுக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு இசோபே என் பக்கம் திரும்பி மழை விட்டதா என்று கேட்பார். வெளியே வெயில் கொளுத்தும். இன்னும் இல்லை என்பேன். மூன்றரைக்கு நாற்காலி காலியாகிவிடும்.

அந்த அரை மணி நேரத்துக்காக நான் லிப்ஸ்டிக் போட ஆரம்பித்தேன். சந்தோஷமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? பயமும் இருந்தது. நாளாக நாளாக அவர் வெளுத்துக்கொண்டே போனார். ஷூவிலிருந்து சேறு வந்தது. ஒரு நாள் அவர் தோளுக்குள்ளாகப் பின்சுவர்க் காலண்டரின் தேதியைப் படிக்க முடிந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் அவர் அம்மா போன் செய்தார். வேலை நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அவன் அங்கதான் இருக்கானாம்மா? படத்துக்கு முன்னாடி தினமும் சோறு வைக்கிறேன். வீட்டுல அவன் இல்லவே இல்ல. நாளைக்கு நாப்பத்தொம்பதாம் நாள், செத்தவங்க வீட்டுலேர்ந்து விடைபெற்று அந்தப் பக்கம் போற நாள். அதுக்குள்ள வரலேன்னா, அப்புறம் அவனுக்குப் போக வழியே இருக்காது."

போனை வைத்ததும் எனக்கு வந்தது கோபம். போனால் அம்மாவுக்குக் கிடைப்பார், இருந்தால் எனக்கு. வழி தெரியாமல் அலைந்தாலும் மூன்று மணிக்கு என் எதிரேதானே அலைவார் என்று கூட நினைத்தேன். அப்படி நினைத்தவள் நான்தான்.

மறுநாள் மூன்று மணிக்குக் கதவு திறந்தபோது பதினொரு பேர் வரவேற்றார்கள். நான் பலகை அருகே நின்று, அவர் வரியை உள்ளங்கையால் அழித்து, "நேரே வீட்டுக்கு" என்று எழுதினேன்.

"கசாய்-சான், என் வரிய ஏன் அழிக்கிறீங்க?"

"அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கு நேரா வீட்டுக்குப் போயிடுங்க."

"சார் இன்னும் இருக்காரே. அவருக்கு முன்னாடி எப்படிக் கிளம்புறது?"

நான் குரிதாவைப் பார்த்தேன். என் முகத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, காலி நாற்காலியிடம் சொன்னார்: "இசோபே, நீ கிளம்புப்பா. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

இசோபே தன் கைகளைப் பார்த்தார். சேறு சொட்டுவதை அப்போதுதான் கவனித்தார் போல.

"மூணு மணிக்கு வந்துடுவேன்னு எழுதினேனே. நான் வரலையா?"

"வந்தீங்க. தினமும் வந்தீங்க." பதினொரு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்கட்டும். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் போகச் சொல்றேன்."

வெளுத்துப்போயிருந்த அவர் காது மடல்கள் சிவந்தன. பிறகு, சீக்கிரம் கிளம்புகிற எவரும் செய்வதைத்தான் செய்தார். அறை முழுவதையும் நோக்கி இடுப்பு வளையக் குனிந்தார்.

"உங்க எல்லாருக்கும் முன்னாடி கிளம்புறேன். மன்னிச்சிடுங்க."

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. நாற்காலிகள் கிறீச்சிட, அத்தனை பேரும் எழுந்து குனிந்தார்கள்.

அவர் என்னைக் கடந்து வாசலுக்குப் போனார். கதவில் கை வைத்தபடி திரும்பினார்.

"கசாய்-சான், நீங்க அவசரப்படாதீங்க. ரொம்ப மெதுவா வாங்க."

சரி என்றேன்.